மாவட்ட எல்லையில் ஒரு மாத்திரை

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போனபோது எங்கள் வீட்டுக்கு ஒரு மாத்திரை குடிவந்தது. உளுத்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் வந்த வாரமே வீட்டில் யார் எப்போது எழுவது, எப்போது தின்பது, எந்தக் கல்யாணத்துக்குப் போவது என்பதையெல்லாம் அது முடிவுசெய்யத் தொடங்கிவிட்டது. என் மாமியார் வந்து தங்கியிருந்தால்கூட இவ்வளவு அதிகாரம் செய்திருக்க மாட்டார். அவராவது ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் தூங்குவார்.

விஷயம் இதுதான். முதலாம் ஆண்டுக் கணக்குத் தேர்வில் மகள் தவறினாள். மறுபடி எழுதினாள், மறுபடி தவறினாள். பாடம் தெரியாமல் இல்லை. அடுப்பங்கரையில் நின்று எனக்கே அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பாள். எனக்கே கொஞ்சம் புரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தேர்வு அறையில் இரண்டாவது கேள்வியை எழுதும்போது மனம் ஐந்தாவதுக்குப் போகும், அங்கிருந்து மின்விசிறியின் கிறீச்சுக்குப் போகும், அங்கிருந்து எங்கேயோ போகும். திரும்பி வரும்போது விடைத்தாளை வாங்க ஆள் நிற்பார். கல்லூரியில் ஒரு ஆசிரியைதான் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். டாக்டர் பல நாள் கேள்வி கேட்டு, பரிசோதித்து, ஏ.டி.எச்.டி. என்றார். கவனமே இல்லாத நோய் என்று நான் நினைத்தேன். "கவனம் இருக்கு சார், அது எங்க நிக்கணும்ங்கறது அவங்க கையில இல்ல" என்றார் டாக்டர்.

அவர் எழுதித் தந்த மாத்திரை தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. சீட்டைப் பார்த்ததும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அண்ணா நகர்ப் பக்கம் ஒரே ஒரு கடையில் வைத்திருக்கிறார்கள். டாக்டர் இரண்டு பிரதி எழுதவேண்டும், ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். தங்க நகை வாங்கியவன்போல அந்த மாத்திரை அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு நான் பஸ் ஏறுவேன்.

டாக்டர் சொன்ன விதிகள் எளிமையானவை. காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று. மதியம் தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி தூக்கம் போகும். எடை குறைகிறது என்பதால் இவளுக்கு மட்டும் விடுமுறை நாட்களில் போடாமல் இருக்கலாம். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடக் கூடாது. ஒரு நாள் விட்டால் விட்டது, ஒரே நாளில் இரண்டு போகக் கூடாது.

எளிமையான விதிகளை வைத்துக்கொண்டு குழம்புவது எனக்குக் கைவந்த கலை. கல்லூரிப் பேருந்து காலை ஏழு மணிக்கே எங்கள் தெருமுனைக்கு வரும். அந்த நேரத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். பேருந்தில் போடலாம் என்றால், மறந்துவிடுவாள். மறக்காமல் இருப்பதற்குத்தானே மாத்திரையே. சீக்கிரம் போட்டால் பிற்பகல் லேப் நேரத்தில் வேகம் குறைந்துவிடும். தாமதமாகப் போட்டால் விடிய விடிய கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். ஒரு நாள் காலையில் தேர்வு, ஒரு நாள் பிற்பகலில் தேர்வு என்று அட்டவணை வந்தால், தேர்வு அவளுக்குத்தான், ஆனால் கழிவறையில் நான் இருப்பேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஒரு துண்டு இரும்பு சரியாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல எனக்குச் சம்பளம். சந்தேகம் வந்தால் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவேன். இரும்புக்கு அவசரம் கிடையாது, யாரும் அழமாட்டார்கள். வீட்டிலும் அந்த முறையையே கொண்டுவந்தேன். எங்கள் ஆலையில் ஒரு ஷிப்ட் ஆள் போகும்போது அடுத்த ஷிப்ட் ஆளிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்: இந்த இயந்திரம் இப்படி, அந்தப் பெட்டி அப்படி. அதேபோல, நான் நைட் ஷிப்ட் போகும் வாரத்தில் காலை மாத்திரை மனைவி பொறுப்பு, பகல் ஷிப்ட் வாரத்தில் என் பொறுப்பு, கை மாறும்போது வாயால் சொல்லவேண்டும் என்று சட்டம் போட்டேன். மகள் கேட்டாள்: "அப்பா, நான் மனுசியா, மிஷினா?"

"மிஷினுக்கு இவ்ளோ கவனிப்பு கிடையாதும்மா" என்றேன்.

மனைவி பாடியில் ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் சூப்பர்வைசர். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து அழைத்துப்போகும். நான் நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வருவதும் அவள் வேன் பிடிக்க ஓடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். எங்கள் இல்லறம் பெரும்பாலும் வாசல் கேட்டில்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு ஆவடியில், திருவள்ளூர் மாவட்டம். நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் இப்போது சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. மகளின் கல்லூரி பூந்தமல்லி தாண்டி, காஞ்சிபுரம் மாவட்டத்தில். ஒரே குடும்பம் தினமும் மூன்று கலெக்டர்களின் ஆட்சியில் வாழ்கிறது. சாதாரண நாட்களில் இது யாருக்கும் நினைவிருக்காது. மழைக்காலத்தில் மட்டும் நினைவு வரும், ஏனென்றால் மழை விடுமுறையை மாவட்டம் மாவட்டமாகத்தான் அறிவிப்பார்கள்.

அந்த மழைக்காலத்தில் மூன்றாவது முறையாக அவள் கணக்குத் தேர்வு எழுதவேண்டியிருந்தது. முந்தின வாரம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா நான் காலேஜ் போகமாட்டேன் பா. சும்மா சொல்லல." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஒரு ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், நாளைக்குக் குடை எடுத்துப்போகமாட்டேன் என்பதுபோல.

தேர்வு நாள் காலை. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் அம்பத்தூரிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தேன். வாசலில் மனைவி குடையை விரித்துக்கொண்டு எதிரே வந்தாள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், பாத்துக்கங்க" என்றாள்.

"சரி சரி, நனையாத."

அவள் இன்னும் ஏதோ சொன்னது ஹாரனில் கரைந்தது. இவ்வளவுதான் அன்றைய ஷிப்ட் மாற்றம். சட்டம் போட்டவனே இதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளே மேசையில் இட்லி மூடி வைத்திருந்தது. பக்கத்தில் தட்டில் ஒரு மாத்திரை. எனக்கு வயிற்றெரிச்சல் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்தால் மனைவி எடுத்து வைக்கிற மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன். போட்டேன். இட்லியைத் தின்றேன். தொலைக்காட்சியைப் போட்டேன். அடியில் எழுத்து ஓடியது: திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை.

மகளின் அறைக்கதவைத் தள்ளி, "லீவும்மா, தூங்கு" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எக்ஸாமு?"

"கலெக்டரே சொல்லிட்டாரு. நீ யாரு, அதுக்கு மேல?"

"ம்ம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பரம சந்தோஷம். படிக்க இன்னும் சில நாள், மாத்திரை பற்றிய கவலை இல்லாத ஒரு காலை. நானும் படுக்கலாம் என்று சட்டையைக் கழற்றினேன். தூக்கம் வரவில்லை. சரி, மழைச் சத்தம் என்று அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏன் துடைத்தேன் என்று அப்போது எனக்கு எந்தக் கேள்வியும் எழவில்லை. ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கல்லூரிப் பேருந்து ஓட்டுநர்.

"அண்ணாத்தே, பாப்பா வர்லியா? ஸ்டாப்ல நின்னுகினு கீறேன்."

"இன்னிக்கு லீவாச்சேப்பா. டிவில ஓடுதே."

"அது நம்ம மாவட்டத்துக்கு. காலேஜு காஞ்சிபுரத்துல கீது. அங்க மழையே இல்லியாம். பரீச்சை உண்டுன்னு காலைலயே மெசேஜ் போட்டுக்கீறாங்க."

"ரெண்டு நிமிசம் நில்லு. இதோ எழுப்பிடறேன்."

"பின்னாடி வண்டிக்காரன் கத்துறான் அண்ணாத்தே. லேட்டானா பஸ்ல கீற அத்தினி பேருக்கும் பரீச்சை பூடும். நீ பைக்ல இட்டாந்துரு."

பேருந்து போய்விட்டது. நான் அறைக்குள் ஓடி, "எழுந்திரு, எழுந்திரு, நாம வேற மாவட்டம்" என்று கத்தினேன். தூக்கத்திலிருந்து எழுகிற பெண்ணிடம் சொல்லக்கூடிய வாக்கியங்களில் இதைவிடப் பயனற்றது இருக்க முடியாது.

அவள் பல் துலக்கி உடை மாற்றுவதற்குள் மாத்திரை அட்டையை எடுக்க அலமாரியைத் திறந்தேன். அங்கேதான் என் மூளைக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையில் மாத்திரைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். முந்தின நாள் ஒரு ஜோடி முடிந்திருந்தது. நானே பார்த்தேன், பார்ப்பதுதானே என் தொழில். இப்போது அடுத்த ஜோடியில் ஒன்றைக் காணவில்லை. புதிய ஓட்டை. யாரோ இன்று காலை ஒரு மாத்திரையை எடுத்திருக்கிறார்கள்.

"பாப்பா, இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "போட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, போட்டியா?"

"அம்மா வந்து எழுப்புனாங்க. தண்ணி குடிச்சேன். மாத்திரை முழுங்குன மாதிரி ஒரு ஞாபகம் இருக்கு. அது இன்னிக்கா நேத்தான்னுதான் தெரியல."

கட்டிலுக்குப் பக்கத்தில் காலி டம்ளர் இருந்தது. தண்ணீர் குடித்ததற்குச் சாட்சி. மாத்திரைக்குச் சாட்சி இல்லை. மனைவி எடுத்துக் கொடுத்தாள் என்று வைத்துக்கொண்டால் அட்டையின் ஓட்டைக்குக் கணக்குச் சரியாகிறது. ஆனால் சாப்பிடாமல் கொடுக்கமாட்டாளே. ஒருவேளை கொடுத்து, இவள் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கி, மாத்திரை போர்வைக்குள் விழுந்திருந்தால்? போர்வையை உதறினேன். ஒரு ஹேர்பின் விழுந்தது. தலையணையை உதறினேன். கட்டிலுக்கடியில் தவழ்ந்தேன். "அப்பா, மணி" என்றாள் மகள். நான் கட்டிலுக்கடியிலிருந்து, "நீ மிச்ச இட்லியத் தின்னு, விசாரணை நடந்துகிட்டு இருக்கு" என்றேன்.

மனைவிக்குப் போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் நிறுவனத்தில் உள்ளே போகும்போது கேட்டிலேயே கைபேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவளுக்கு ஒரு மழைக்கோட்டு, எனக்கு ஒரு மழைக்கோட்டு என்று கிளம்பினோம்.

பருத்திப்பட்டு வரைக்கும் சாலை எது, ஏரி எது என்று தெரியவில்லை. நான் மட்டும் அபாரத் தெளிவோடு ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்தையும் தூரத்திலேயே பார்த்தேன், ஒவ்வொன்றையும் அவளுக்கு அறிவித்தேன். பள்ளம் தோண்டிய துறை, தோண்டாத துறை, மூடவேண்டிய துறை என்று விளக்கம் வேறு. இரவு முழுக்க நின்று வேலை பார்த்தவனுக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. நெஞ்சு மட்டும் தடதடவென்று அடித்துக்கொண்டது. தகப்பன் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, நீ ஏன் இவ்ளோ பேசற?" என்றாள் பின்னாலிருந்து.

"உனக்கு டென்ஷன் ஆகக் கூடாதுன்னு."

"ஆவுது பா."

பாரிவாக்கம் சிக்னலில் வண்டி நின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. மனைவியின் நிறுவன கேட்டில் ஒரு தரைவழித் தொலைபேசி உண்டு. அந்த எண் என் போனில் இருந்தது. ஓரமாக ஒரு பஞ்சர் கடையின் தகரக் கூரைக்குள் ஒதுங்கி அடித்தேன். காவலாளி எடுத்தார். மனைவி பெயரையும் அவள் பார்க்கும் லைனையும் சொன்னேன்.

"லைன் ஓடிக்கினு கீது சார். மதியம் சாப்பாட்டுக்கு வுட்டாதான் பேச முடியும்."

"அவசரம்ங்க."

"இன்னா அவசரம்? யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

"இல்லிங்க. காலைல பொண்ணுக்கு மாத்திரை குடுத்தாங்களான்னு கேக்கணும்."

"பொண்ணு கைக்கொழந்தயா சார்?"

"காலேஜ் ரெண்டாவது வருசம்."

"அப்ப அதையே கேக்கலாமே."

"அதுக்குத் தெரியல."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியல."

"நல்ல குடும்பம் சார்" என்றார் அவர். "நீங்க வைங்க, ஆளனுப்பிக் கேட்டுட்டு நானே போடறேன்."

பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் மழை நின்றது. காஞ்சிபுரம் மாவட்டம் உங்களை வரவேற்கிறது என்ற பலகைக்கு அந்தப் பக்கம் தார்ச்சாலை எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. மழைக்குக்கூடத் தன் எல்லை தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. வெயிலில் இரண்டு பேர் சொட்டச் சொட்ட மழைக்கோட்டோடு கல்லூரி வாசலில் இறங்கியதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

தேர்வுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. காவலாளியிடமிருந்து போன் வரவில்லை. நான் அட்டையைக் கையில் எடுத்தேன். இப்போது ஒன்றைப் போட்டால், முதல் பாதி போனாலும் இரண்டாம் பாதியாவது அவள் கைக்குள் வரும். ஆனால் காலையில் ஏற்கெனவே போட்டிருந்தால் இது இரண்டாவது. டாக்டரின் மருத்துவமனைக்கு அடித்தேன். டாக்டர் இன்னும் வரவில்லை, வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றாள் அங்கிருந்த பெண்.

"இப்ப உனக்கு எப்படி இருக்கு? மாத்திரை போட்ட மாதிரி இருக்கா, போடாத மாதிரி இருக்கா?" என்று மகளைக் கேட்டேன்.

"பயமா இருக்கு. பயம் வந்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

பிறகு அவள் கேட்டாள்: "போடட்டுமா வேணாமா? நீ சொல்லு பா."

மாதக்கணக்கில் அவள் எப்போது தின்னவேண்டும், எப்போது தூங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இரும்பாக இருந்தால் சிவப்பு அட்டை கட்டியிருப்பேன். "சந்தேகம்னா வேணாம்னுதான் டாக்டர் சொன்னாரு" என்று ஆரம்பித்தேன். "ஆனா இது மூணாவது வாட்டி. ஆனா ரெண்டு போட்டா தப்பு. ஆனா போடலைன்னா..." "தெரியலம்மா" என்றேன்.

அவள் மழைக்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "வேணாம். சந்தேகம்தானே" என்று சொல்லிவிட்டு ஹால் டிக்கெட்டைத் தேடினாள். பையில் இல்லை, புத்தகத்தில் இல்லை, கடைசியில் அவள் கையிலேயே இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

அவள் கட்டடத்துக்குள் மறைந்து, மணியும் அடித்த பிறகு போன் வந்தது.

"சார், கேட்டாச்சு. மேடம் மாத்திர எடுத்து வெச்சாங்களாம்."

"குடுத்தாங்களா, எடுத்து வெச்சாங்களா?"

"எடுத்து வெச்சாங்களாம். இட்லி பக்கத்துல தட்டுல. பரீச்சை உண்டு, எழுப்பித் தின்ன வெச்சுட்டுக் குடுங்கன்னு உங்க கைல சொல்லிட்டுதான் வந்தாங்களாம்."

"தட்டுல இருந்தது என் மாத்திரைங்க. வயித்து மாத்திரை."

அவர் யாரிடமோ திரும்பிப் பேசுவது கேட்டது. ஒரு பெண் குரல் தூரத்திலிருந்து நீளமாக ஏதோ சொன்னது. மீண்டும் காவலாளி: "சார், உங்க மாத்திர தீந்து நாலு நாளாச்சாம். வாங்கினு வாங்கன்னு டெய்லி சொல்றாங்களாம். மேடம் ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. தட்டுல இருந்தத யாரு துண்ணது?"

என் நெஞ்சு, என் வாய், துடைத்த அலமாரி, அடுக்கிய ஸ்பேனர், அறிவித்த பள்ளங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இரண்டு தாள் சீட்டு எழுதி, அண்ணா நகர்வரை போய், பொத்திப் பொத்திக் கொண்டுவந்த மாத்திரையை, தரம் பார்க்கிற நான், நிறம்கூடப் பார்க்காமல் முழுங்கியிருக்கிறேன்.

அட்டையோடு கேட்டை நோக்கி ஓடினேன். கல்லூரிக் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "ஹாலுக்குள்ள போய்ட்டா அவ்ளோதான் சார். தண்ணி பாட்டில்கூட நான் கொண்டுபோய்க் குடுக்க முடியாது."

அப்போதுதான் டாக்டர் அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் இருமினார், சிரிப்பை மறைக்கும் இருமல். பிறகு டாக்டர் குரலில், பிபி உண்டா, சர்க்கரை உண்டா, நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. "நிழல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. டீ, காபி வேணாம். வண்டி ஓட்டாதீங்க. படபடப்பு அதிகமானாலோ நெஞ்சு வலிச்சாலோ உடனே பக்கத்துல ஆஸ்பத்திரி போங்க. பொண்ணுக்கு ஒரு நாள் விட்டதுல உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

"பரீச்சைக்கு டாக்டர்?"

"அது எனக்குத் தெரியாது சார்" என்றார். அன்றைக்கு அந்தப் பதிலைச் சொல்லாத ஆள் ஒருவரும் மிச்சமில்லை.

கல்லூரிக்கு எதிரே பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்தேன். அவள் உள்ளே மாத்திரை இல்லாமல் கணக்குப் போட, அவள் மாத்திரையோடு நான் வெளியே. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். ஆண்டவரே என்று ஆரம்பித்ததும் மனம் தறிகெட்டு ஓடியது. வீட்டுக் கடன், தண்ணீர்த் தொட்டி, மச்சானின் கல்யாணத்தில் நான் பேசிய பேச்சு என்று ஒவ்வொன்றாய்த் தோண்டியது. வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். இந்த மாதிரி ஒன்றைத்தான் தினமும் அவளைப் போட்டுக்கொண்டு கணக்குப் பாடத்தில் உட்காரச் சொல்கிறோமா என்று பயம் வந்துவிட்டது.

தேர்வு முடிந்து கூட்டத்தோடு வந்தாள். விரலெல்லாம் மை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பைக்கை அங்கேயே விட்டுவிட்டுக் கல்லூரிப் பேருந்தில் ஏறினோம். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, நீயும் அரியரா?"

பின்பக்கம் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததும் அவளிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன். இரண்டும்தான் போலிருந்தது.

"எப்படி எழுதின?" என்றேன்.

"ஒவ்வொரு கேள்வியையும் நாலு வாட்டி படிச்சேன் பா. விரல் வெச்சு வெச்சு, ஒண்ணாங்கிளாஸ் பசங்க மாதிரி. முன்னாடி ஒரு பொண்ணு கால ஆட்டிக்கிட்டே இருந்தா. எழுந்து போய் அவ கால புடிக்கணும் போல இருந்துச்சு. பேனாவ தொடையில குத்திக் குத்தி எழுதினேன். கடைசிக் கேள்வி பாதி."

"பாஸ் ஆயிடுமா?"

"தெரியாது. இன்னொரு தடவை மாத்திரை இல்லாம அந்த ரூம்ல உக்காரமாட்டேன். அது மட்டும் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்படி இருந்துச்சு?"

"தலைக்குள்ள எல்லாம் ஓடுது. நிறுத்த முடியல. உனக்கு டெய்லி இப்படியா இருக்கு? அப்படின்னா வேணாம்மா, வேற டாக்டரப் பாக்கலாம்."

என்னை ஆச்சரியத்தோடு பார்த்தாள். மாதக்கணக்கில் அந்த மாத்திரையைப் பற்றி நாங்கள் பேசாத நாளில்லை. எப்போது, எதோடு, எத்தனை மணிக்கு. உள்ளே போய் அது என்ன செய்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு ஓடாது பா. எனக்கு எப்பவுமே ஓடிக்கிட்டுதான் இருக்கும். அதப் போட்டா நிக்கும். நம்ம தெருவுல எல்லா வீட்டு டிவியும் ஒரே நேரத்துல ஆஃப் பண்ண மாதிரி. உனக்கு இன்னிக்கு இருந்துச்சு பாரு, அதான் நான். மாத்திரை போடாத நான்."

பேருந்து பூந்தமல்லிக்குள் நுழைந்து மழையில் மெதுவாக ஊர்ந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அன்று காலையிலிருந்து நான் பேசாமல் இருந்த முதல் இடம் அதுதான். அவள் கையை நீட்டி என் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, தன் பையின் உள் ஜிப்பில் வைத்தாள்.

"தொலைச்சிடுவ" என்றேன்.

"தொலைச்சா நான் போய் வாங்கிக்கறேன். நீயாவது திங்காம இருப்ப."

சட்டப்படி அட்டை அலமாரியில் இருக்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. சட்டத்தின் நிலைமை அன்று சரியில்லாததால் விழுங்கிவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு தடவை மறந்தாள். ஒரு தடவை அட்டையைப் பேருந்திலேயே விட்டுவிட்டு, ஓட்டுநர் வீட்டுக்குத் தானே போய் வாங்கிவந்தாள். பேருந்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதி தின்றுவிட்டுப் போட்டுக்கொள்ளும் வழியை அவளே கண்டுபிடித்தாள்; பக்கத்து இருக்கைத் தோழி ஞாபகப்படுத்துகிறாளாம். எனக்கு அந்த ஏற்பாட்டில் நூறு ஓட்டை தெரிந்தது. ஒன்றையும் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், எழுபதைச் சொன்னேன்.

தேர்வு முடிவு வந்த அன்று என் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். போனைப் பார்த்துவிட்டு அவள், "பாஸ்" என்றாள், குடை கிடைத்துவிட்டது என்பதுபோல. மனைவி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மச்சான் என் தோளைத் தட்டினான். "பாத்தியா மாமா? அன்னிக்கு மாத்திரையே இல்லாம எழுதிட்டா. அப்புறம் இன்னாத்துக்கு அது? எல்லாம் டாக்டருங்க வேல. தூக்கிக் குப்பைல போடு."

அவனுக்குச் சரியாகத் தோன்றுகிற கணக்குதான். போடவில்லை, தேறினாள். நான் வாயைத் திறந்தேன். எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மாமா," என்றாள் மகள், "ஆவடிலேந்து பாடிக்கு நொண்டி அடிச்சுக்கிட்டே போய்ட்டேன்னு வைங்க. அதுக்காக டெய்லி நொண்டி அடிக்கச் சொல்லுவீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்லுவேன் என்று. நான் அவனுக்குத் தேநீர் எடுத்துவர எழுந்துபோனேன்.